அண்ணனுக்குச் சொல்லாத அடக்கம்

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த காலையில், அண்ணனை என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி. அண்ணனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவதும், மீனில் முள் எடுத்துக் கொடுப்பதும் அம்மாதான்.

“அவன் பாத்தா தாங்க மாட்டாம்மா. பக்கத்துத் தெரு ஆன்ட்டி வீட்ல விட்டுடு,” என்றார் கோலார் தங்கவயலிலிருந்து, எங்கள் வாயில் கே.ஜி.எஃப்பிலிருந்து, வந்திருந்த மாமா.

எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. என் அழுகையோடு அவன் அழுகையையும் சுமக்க என்னால் ஆகாது என்று நினைத்தேன். அவனுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, “ஆன்ட்டி வீட்ல டிவி பாரு, சாயங்காலம் வரேன்” என்றேன். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவே திரண்டு அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது, அவன் ஆன்ட்டி வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு, “அம்மா எங்க பாப்பா?” என்றான். “மாமாகூட கே.ஜி.எஃப் போயிருக்காங்க” என்றேன். மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாளும். கேட்க ஆளில்லாத பகல்களில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பாடு குறைந்தது. தட்டைத் தள்ளிவிட்டான். நான் திட்டினேன்.

மூன்றாவது வாரம், வைட்ஃபீல்டில் ஆபீஸில் இருந்தபோது ஆன்ட்டி போன் செய்தார். அண்ணனைக் காணவில்லை. கே.ஜி.எஃப் ரயில் நிற்கும் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவனைக் கண்டுபிடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அம்மாவின் ஸ்வெட்டர்.

“அம்மாக்கு அங்க குளிரும்,” என்றான்.

இனியும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணா, அம்மா செத்துட்டாங்க.”

என்னையே பார்த்தான். “பெட்டில வச்சீங்களா?”

“ஆமா.”

“மண்ணு போட்டீங்களா?”

“ஆமாண்ணா.”

“நான் போடல,” என்றான். “ஏன் என்னக் கூப்பிடல?”

எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நாற்காலி எடுத்துப் போட முதலில் போகிறவன் அவன். கல்லறை வரை நடந்துபோய், ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்புவான். சாவு என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாது என்று முடிவு கட்டியவர்கள் நாங்கள்.

அங்கேயே வாய்விட்டு அழுதான். ரயிலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முதுகில் கை வைத்தபடி நானும் அழுதேன். நாங்கள் இருவரும் சேர்ந்து அம்மாவுக்காக அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவனைக் கல்லறைக்கு அழைத்துப் போனேன். அதற்குள் மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். ஓரத்திலிருந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டான். அது சிமென்டின் மேல் சிதறிக் கிடந்தது.

“உள்ள போகல பாப்பா.”



இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். அம்மா நினைவு வந்தால் சொல்லிவிட்டு அழுகிறான். நானும் பேச்சை மாற்றுவதில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் நான் பையை எடுக்கும்போது வாசலை மறித்து நிற்கிறான்.

“நெஜமாவே ஆபீஸா?”

“நெஜமாத்தாண்ணா.”

அவன் நம்புவதில்லை. ஆபீஸ் போனதும் வீடியோ காலில் என் மேஜையைக் காட்டுகிறேன். பார்த்த பிறகுதான் தோசையைப் பிட்டு வாயில் வைக்கிறான்.