குதிரையில் மாப்பிள்ளை இருப்பு

சென்ற நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், பின்னேரம் நாலரை மணியளவில், பாசிக்குடாக் கடற்கரையில், என் மனைவியின் குடும்பத்தார் முப்பது பேர் பார்த்திருக்க நான் குதிரையிலிருந்து விழுந்தேன். அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "விழுந்தேன். மச்சான் சிரித்தான்." கந்தோர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறவன் நான். மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், வெள்ளம் வடிய வாவி முகத்துவாரம் வெட்டப்பட்ட கிழமை எல்லாம் அதில் இருக்கும். அன்று மட்டும் பேனையை மூடிவிட்டேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பதினொரு வருடம் வளைகுடா நாடொன்றில் ஒரு செல்வந்தரின் லாயத்தில் இருந்தவன். அங்கே அவன் சாணம் அள்ளினான், தண்ணீர் காட்டினான். அதை அவனே ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறான். ஊருக்கு வந்து, மலைநாட்டுப் பந்தயத் திடலிலிருந்து கழிக்கப்பட்ட இரண்டு குதிரைகளை வாங்கி, உல்லாசப் பயணிகளைக் கடற்கரையில் ஏற்றி இறக்கத் தொடங்கிய பிறகு அவன் ஆசானாகிவிட்டான். தொப்பியும் நீண்ட சப்பாத்தும் போட்டுக்கொண்டு நின்றால், அவன் குதிரை மேலேயே பிறந்தவன் என்று வெள்ளைக்காரர் நம்பினார்கள்.

அன்று அவன்தான் என்னை மண்ணிறக் குதிரையில் ஏற்றினான்.

"வயித்த உள்ள இழுங்க மச்சான். நெஞ்ச நிமித்துங்க. மூச்சப் புடிங்க. மாப்பிள்ள மாதிரி இரிங்க!"

காத்தான்குடியில் மணமுடித்த எவனுக்கும் அந்த இருப்புத் தெரியும். கலியாணத்தன்று மேடையில் படம் எடுப்பவன் கையை உயர்த்தியதும் தொந்தியை முதுகெலும்போடு ஒட்டவைத்து, தோளை விரித்து, மூச்சை அடக்கி ஒரு மரக்கட்டையாக இருப்போம். நான் அப்படியே இருந்தேன். குதிரை நாலு அடி நடந்தது. ஐந்தாவது அடியில் அது துள்ளோட்டத்துக்கு மாறியது. மரக்கட்டை எப்படி விழுமோ அப்படி விழுந்தேன்.

அவன் கைபேசியில் அதை முழுதாகப் பிடித்திருந்தான். படத்தில் அவன் குரலும் இருக்கிறது: "எல்லாரும் பாருங்க, மாப்பிள்ள எறங்கிட்டார்!" குடும்பத்தின் வட்சப் குழுவுக்குள் அது மஃரிபுத் தொழுகைக்கு முன்னரே போய்விட்டது. அடுத்த நாள் மீன் வாங்கப் போனால் மீன்காரன் தராசை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ள எறங்கிட்டாரா?" என்றான். துணிக்கடையில் கேட்டார்கள். பள்ளிவாசலில், வுழூச் செய்யும் தண்ணீர்த் தொட்டியடியில், எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் கேட்டார்.

கோபத்தைக் காட்ட வழியில்லை. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை மணமுடித்ததும் பெண் வீட்டுக்குப் போய்விடுகிறான். நான் வாழும் வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, ஒழுங்கை மனைவியின் ஒழுங்கை, பக்கத்து நான்கு வீடும் அவள் சகோதரிகளுடையவை. அந்த ஒழுங்கையில் மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையில் பகிடி என்பது ஓர் உரிமை. என்ன சொன்னாலும் சிரிக்கவேண்டும். முகம் கோணியவன்தான் குற்றவாளி.

"அவன் பகிடிக்குத்தானே செஞ்சான்," என்றாள் மனைவி. "பெருநாளும் அதுவுமா மூஞ்ச நீட்டிக்கிட்டு இரிக்காதீங்க."

"நான் நீட்டல்லயே."

"கண்ணாடியப் போய்ப் பாருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். நீட்டித்தான் இருந்தது. அங்கே நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தேன். அவனும் அதே முப்பது பேருக்கு முன்னால், அதே கடற்கரையில் சிரிக்கப்படவேண்டும். அது பகிடியாகவே நடக்கவேண்டும், அவனும் கோபிக்க முடியாதபடி. அடுத்த ஒன்றுகூடல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு. இடையில் பத்து வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குறிப்பேட்டின் பின்பக்கத்தில் வாரங்களைக் கட்டம் போட்டுக்கொண்டேன்.

முதல் இரண்டு கட்டங்களை முதுகுவலி தின்றது. மூன்றாம் வாரம் பாலம் தாண்டிக் கல்லடிக்கு, உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். என்னைக் காக்கா என்று அண்ணன் முறையில் அழைத்து, எப்படி விழுந்தேன் என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

"குதிரையில எப்பிடி இருந்தீங்க காக்கா? இந்தக் கதிரையில இருந்து காட்டுங்க."

மாப்பிள்ளை இருப்பைக் காட்டினேன். அவள் என் தோளில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். அப்படியே சாய்ந்தேன்.

"வயித்த இழுத்தா நீங்க ஒல்லியாத் தெரிவீங்க. அவ்வளவுதான். அது பிடிமானம் இல்ல. மூச்ச வெளிய விடுங்க. இப்ப நான் வயித்தில குத்தப்போறன்."

அவள் கையை ஓங்கியதும் என் வயிறு தானாக இறுகியது. முன்பக்கம் மட்டுமல்ல, இரண்டு விலாவும், பின்னால் இடுப்படி நாரியும் ஒரே நேரத்தில், அகலமான பட்டி ஒன்றைச் சுற்றிக் கட்டியதுபோல.

"இதுதான் கோர் மசில், நடுவுடம்புத் தசை. இத அரைவாசி தளத்துங்க. ஆ, இந்த அளவு. இப்ப கதையுங்க."

"என்ன கதைக்க?"

"எதையாவது. இறுக்கிக்கொண்டே கதைக்க ஏலுமெண்டா சரி. மூச்சு நிண்டா பிழை."

மறுபடி தோளைத் தள்ளினாள். அசையவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு முதுகு நினைவு வரவில்லை. மச்சான் கடற்கரையில் குதிரை ஓட்டும் காட்சிதான் வந்தது: நிமிர்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, மூச்சில்லாத முகம். அவனும் மாப்பிள்ளை இருப்புத்தான் இருக்கிறான்! கடிவாளத்தை மோட்டார் சைக்கிள் கைப்பிடிபோல இழுத்துப் பிடித்துத்தான் விழாமல் தப்புகிறான். குறிப்பேட்டில் அன்று இரண்டரைப் பக்கம் எழுதினேன்.

பயிற்சிக்குப் பின்வளவில் குட்டை மதில்மேல் ஒரு நெல்மூடையைக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு அமர்ந்தேன். கதைக்கவேண்டும் என்றாளே, எனக்குத் தெரிந்த கதை தேதிகள்தான். "சூறாவளி, எழுபத்தெட்டு நவம்பர் இருபத்துமூன்று. கடல் வந்தது, இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறு." உரக்கச் சொல்லிக்கொண்டே இடுப்பை முன்னும் பின்னும் அசைப்பேன். மேலுடம்பு அசையக்கூடாது. குதிரையேற்றம் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: இடுப்பு குதிரையோடு போகவேண்டும், நடுவுடல் தன்னைத் தானே தாங்கவேண்டும், கை எதையும் தாங்கக்கூடாது. மனைவி சமையலறை யன்னலால் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, வெயில் தலையில அடிச்சிட்டு," என்றாள்.

உண்மையான குதிரைக்கு வழி செவ்வாய்க்கிழமைகளில் கிடைத்தது. செவ்வாய்களில் மச்சான் தவிடு எடுக்கப் பொலன்னறுவைப் பக்கம் போவான். பாசிக்குடாவில் அவன் லாயத்தைப் பார்த்துக்கொண்டவர் வாகரைப் பக்கத்து மீனவர், ஐம்பதைத் தாண்டியவர், கடலை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு வந்தவர். மச்சானுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டேன்.

"சொல்லமாட்டன் காக்கா. மொதலாளி எனக்கும் ஒரு பேர் வச்சிருக்கார்."

மச்சான் வைக்கும் பட்டப்பேர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதல் செவ்வாய் மண்ணிறத்தின் மேல் பயத்தில் மூச்சு நின்றது. குதிரை உடனே தலையை உயர்த்தியது. அவர் கீழேயிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோணியில நிண்டு வலை எறியக்குள்ள மூச்சப் புடிச்சா ஆள் தண்ணிக்குள்ளதான். விட்டுக்கொண்டுதான் எறியிற." வைத்தியப் பெண் சொன்னதை இவர் வேறு தொழிலிலிருந்து சொன்னார். நான் எழுபத்தெட்டுச் சூறாவளியைத் தொடங்கினேன். குதிரை தலையைத் தாழ்த்தியது.

மூன்றாம் செவ்வாய் ஒன்று நடந்தது. களைத்துப்போய், இனிப் போதும் என்று நீளமாக மூச்சை விட்டேன். விடும்போது வயிறு பழக்கத்தில் சுற்றிவர இறுகியது. குதிரை நின்றுவிட்டது. கடிவாளம் தளர்ந்து கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்லயே."

"ஒண்டும் செய்யாம இது நிக்காது. மொதலாளி இழுக்கிற இழுவைக்கே நிக்காது. மறுகா ஒருக்காச் செய்ங்க."

செய்தேன். நின்றது. ஐந்து தரம் செய்து ஐந்து தரமும் நின்றது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பக்கத்தில் இருந்தவர் முகம் சொன்னது.

நான்காம் செவ்வாயைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு நாளை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் எனக்கில்லை. அன்று அவர் மண்ணிறத்துக்குச் சேணம் போடவில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல ஓட்டிக் காட்டினார். சேணத்தின் பின்விளிம்பு படும் இடத்தில் தோல் நடுங்கியது, முதுகு குழிந்தது.

"மொதலாளி ஏறினா அந்த இடத்தில தொப்புத் தொப்பெண்டு விழுறார். அதுதான் நோகுது. நான் சொன்னா மொதலாளி கேக்கமாட்டார்."

காரணம் எனக்கு முழுதாகத் தெரியும். மரக்கட்டைபோல இருப்பவனின் பாரம் ஒவ்வோர் அடிக்கும் ஒரே இடத்தில் இடிக்கும். மச்சானிடம் இரண்டு வசனம் சொன்னால் போதும். சொன்னால் அவன் திருந்திவிடுவான், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரியாக அமர்ந்துவிடுவான். நான் சொல்லவில்லை. என் பயிற்சியை மற்றக் குதிரையான வெள்ளைக்கு மாற்றிக்கொண்டு, குறிப்பேட்டில் "சொல்லவில்லை" என்று எழுதினேன். அடுத்த செவ்வாயும் அதையே எழுதினேன். அதற்கடுத்த செவ்வாயும்.

ஹஜ்ஜுப் பெருநாளின் இரண்டாம் நாள் இரண்டு வானில் பாசிக்குடாவுக்குப் போனோம். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வெக்கையோடு வீசியது. கடல் தட்டையாகக் கிடந்தது. புரியாணிச் சட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் மச்சான் கைபேசியோடு வந்துவிட்டான்.

"மச்சான், இந்தப் பெருநாளுக்கும் ஒருக்கா எறங்கிக் காட்டுங்களன்!"

முப்பது பேரும் திரும்பினார்கள். "ஏறினாத்தானே எறங்கிற," என்றேன். வெள்ளைக் குதிரையில் ஏறினேன். நடந்தேன், துள்ளோட்டம் ஓடினேன், சிறுசுகள் கும்பலாக நின்ற இடத்துக்கு நேரே வந்தேன். கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினேன். என் மாமி, மனைவியின் உம்மா, கூவினார். நான் மூச்சை விட்டேன். குதிரை நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் கைபேசியைத் தாழ்த்தினான்.

"அது கிழட்டுக் குதிர. தானா நிக்கும்," என்றான்.

"அப்ப நீ மண்ணிறத்தில ஏறி, கடிவாளத்த விட்டுட்டு நிப்பாட்டு பாப்பம். நீதானே ஆசான்."

ஒழுங்கைச் சனம் முழுவதும் அவனைப் பார்த்தது. முகம் கோணக்கூடாது, மறுக்கவும் கூடாது. குதிரைகளைக் கொண்டுவந்திருந்த லாயத்து மீனவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். நான் கடலைப் பார்த்தேன்.

அவன் ஏறினான். மாப்பிள்ளை இருப்பு. குதிரை முதுகைக் குழித்தது, காதுகள் பின்னால் போயின. கடிவாளத்தை விட்டதும் அவன் முழங்கால்களால் இறுக்கினான். அது ஓடச் சொல்கிறான் என்று நினைத்து ஓடியது. அவன் ஒவ்வோர் அடிக்கும் சேணத்தில் தொப்பென்று விழுவது என் நாரியில் கேட்டது. தண்ணீர் ஓரத்தில் அது ஒருபக்கமாக வெட்டித் திரும்பியது. அவன் நேரே போனான், முழங்காலளவு கடலுக்குள், தொப்பியோடு.

நான் ஒன்பது வாரம் காத்திருந்த சிரிப்பு வந்தது. மாமி சிரித்தார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "மாப்பிள்ள குளிச்சிட்டார்!" என்று யாரோ கத்தினார்கள். அவனும் சிரிக்கவேண்டியிருந்தது, சிரித்தான், மூக்கால் உப்புத் தண்ணீர் ஒழுக.

குதிரை தள்ளி நின்று பின்கால்களை மாற்றி மாற்றி ஊன்றியது. மீனவர் சேணத்தை அவிழ்த்தார். விளிம்பு பட்ட இடத்தில் மயிர் உதிர்ந்து சிவந்திருந்தது. அது நான் "சொல்லவில்லை" என்று எழுதிய மூன்று செவ்வாய்களின் அளவு.

மச்சான் நனைந்தபடி என்னிடம் வந்தான். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது. "எப்பிடி மச்சான் நிப்பாட்டின?"

"சொல்லித்தாறன். இஞ்சயே. இப்பயே."

"எல்லாரும் பாத்திட்டு நிக்கிறாங்க."

"ஓம். நிக்கட்டும்."

கரையில் கவிழ்ந்து கிடந்த ஒரு தோணியைக் காட்டினேன். அவன் அதன் இருபக்கமும் கால் போட்டு அமர்ந்தான். வயிற்றை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினான். ஒரு விரலால் தள்ளினேன். சாய்ந்தான். மறுபடி சிரிப்பு. முட்டியை அவன் வயிற்றுக்கு நேரே கொண்டுபோய், "மூச்ச விடு, இப்ப குத்தப்போறன்," என்றேன். அவன் இறுக்கினான். "கதை," என்றேன். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. "மூச்ச அடக்கிட்டாய். மறுபடி."

ஆறாவது தரம் அவனால் தன் பேரையும் வாப்பாவின் பேரையும் சொல்ல முடிந்தது. அதற்குள் புரியாணி திறந்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுக்கப் போனார்கள். கடைசியில் தோணியடியில் நானும் அவனும் மட்டும். தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இடுப்பு தனியாகவும் தோள் தனியாகவும் இருந்தன. சரியாகவே அமர்ந்திருந்தான்.

"இப்ப சரியா மச்சான்?"

சரிதான். மண்ணிறத்தின் முதுகு ஆறிய பிறகு இவன் இப்படி ஏறினால் அதற்கு நோகாது என்பதும் தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சாப்பிடப் போயிருக்கலாம்.

"இல்ல," என்றேன். "மறுபடி."