முடிச்சிட்ட தலைத்துணி

ஜப்பானியர் ஆண்ட காலத்தில், காஜா பெராங்கில் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டிய சங்கமொன்றில் நான் எழுத்தராக இருந்தேன். தமிழ் வழிவந்தும் மலாய் மட்டுமே பேசும் செட்டிமார் வாழும் கம்போங் செட்டியிலிருந்து மரவள்ளிக்கிழங்கு விற்க வரும் ஒருவர் ஒருநாள் கையொப்பமிட வந்தார். ஒல்லியான உடல், இடுப்பில் பாத்திக் சாரோங், தோளில் சாயம்போன தலைத்துணி. யாருக்கேனும் வாக்குக் கொடுத்தால் அத்துணியின் முனையில் முடிச்சிடுவார். வாக்கு நிறைவேறிய பின்னரே அவிழ்ப்பார்.

அவர் தமிழறியாதவர். படிவத்திலிருந்த ‘ஆதரிக்கிறேன்’ என்ற சொல்லைத் தொட்டு மலாய் மொழியில் கேட்டார்:

“இதற்கு என்ன பொருள், அண்ணே?”

“நல்லது நடக்கட்டும் என்று மனத்தால் துணைநிற்பது. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.”

“மனத்தால் நிற்பதற்குக் காகிதம் எதற்கு?” என்று சிரித்தார். கையொப்பமிட்டு, துணியில் முடிச்சும் போட்டார்.

“இதற்கெல்லாம் முடிச்சு வேண்டாம்” என்றேன்.

சில வாரங்களில் ஜப்பானியர் எங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு சயாம் இரயில் பாதை போட ஆள் கேட்டனர். போனவர் மீள்வதில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. பலர் புக்கிட் பாருப் பக்கம் ஒளிந்தனர். பட்டியலில் முதற்பெயர் என்னுடையது. எழுத்தர் தேவையென்று என்னை விட்டுவிட்டனர். முடிச்சிட்ட அந்தக் கிழங்கு வியாபாரியோ தாமாகவே வந்து நின்றார்.

“போய் ஒளிந்துகொள்ளுங்கள்” என்று காதருகே சொன்னேன்.

“ஆதரிக்கிறேன்” என்று அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். தலைத்துணியை என் மேசைமேல் வைத்தார். “வந்து அவிழ்த்துக்கொள்கிறேன், அண்ணே.”

ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டது. அவர் திரும்பவேயில்லை.

அச்சொல்லை எங்கே கண்டாலும் என் விரல்கள் அந்த முடிச்சைத் தேடிச் செல்கின்றன. அவிழ்க்க மட்டும் நான் துணிந்ததில்லை.