எழுபதாயிரம் பேருக்குத் தளபதி

ராயபுரம் அருள்நாதன் வருடத்தில் ஒரு நாள் இளவரசர். மற்ற நாட்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மாதா கோயில் திருவிழாவுக்கு மறுநாள் மாலை தெருவில் நாடகம் போடுவார்கள். அதில் எழுபதாயிரம் வீரர்களுக்குத் தளபதியான இளவரசன் லெயோந்தி வேடம் அவர் குடும்பத்துக்கு உரியது. அந்த வீட்டில் ஓர் ஆண் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் அதைக் கட்டக் கூடாது என்பது தெருக் கட்டுப்பாடு. எழுபதாயிரம் வீரர்கள் மேடைக்கு எட்டுப் பேராக வருவார்கள். எட்டுப் பேரும் மூட்டை தூக்குகிறவர்கள்தான்.

பகை அரசன் வேடம் அதே போல யேசுதாஸ் குடும்பத்துக்கு. துறைமுகத்தில் அவர் மேஸ்திரி. காலையில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் அவர் விரல் காட்டுகிறவருக்குத்தான் அன்று வேலை. பதினோரு வருடம் அருள்நாதன் அந்த விரலைப் பார்த்தபடி நின்றார். வருடத்துக்கு ஒரு மாலை, விரலுக்கு உரியவரை வாளால் குத்திக் கொன்றார். இரண்டும் பழகிப்போயிருந்தன.

1967இல் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாகத் தெரிந்தது. பெயர்களைச் சொல்ல வேண்டியவர் மேஸ்திரி. சொல்லும் நாள் நாடகத்துக்கு மறுநாள். கிரீடத்தைத் துடைத்துக் கொடுத்த மனைவி பிலோமி ஒன்றே ஒன்று சொன்னாள்: "பாத்து குத்து."

அவர் அளவுக்கு மீறிப் பார்த்துக் குத்தினார். தகர வாள் அரசனின் அங்கியில் பட்டதா என்பதே சந்தேகம். அரசன் விழவில்லை. ஏட்டைப் பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்கும் சுயம்பு அண்ணாவி, அரசன் விழாமல் பக்கத்தைப் புரட்டுகிறவரல்ல. போர்ப் பாட்டை மறுபடி தொடங்கினார். இரண்டாவது குத்தும் தடவல்தான். இளவரசர் அரசனுக்குச் சட்டை அளவெடுக்கிறார் என்று முன்வரிசையில் யாரோ சொல்ல, தெருவே சிரித்தது.

யேசுதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னாடா, ஈ ஓட்டிகினு கீறே? எங்க நைனா இதே மேடையில எப்டி செத்தாரு தெரியுமா? என் வூட்டு ஜனம் பூரா பாத்துகினு கீது."

"நாளைக்கி பேரு குடுக்கணுமே, மேஸ்திரி."

"அது நாளைக்கி. இன்னிக்கி கொல்லுடா."

அருள்நாதன் பதினோரு வருடத்தையும் சேர்த்துக் குத்தினார். அரசன் விழுந்ததில் மேடைப் பலகை ஒன்று முறிந்தது; அரசனின் இடது மணிக்கட்டும் பிசகியது. கைதட்டல் ஓய நேரமானது. கீழே கிடந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை அருள்நாதன் கூட்டத்தின் கடைசியில், எதையும் எதிர்பார்க்காமல் நின்றார். யேசுதாஸ் கட்டுப் போட்ட கையோடு வந்து மற்ற கையின் விரலை நீட்டினார். முதல் பெயரே அருள்நாதனுடையது. முணுமுணுத்தவர்களுக்கு மேஸ்திரி விளக்கம் சொன்னார்: "இவன் எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் பூட்டான்னா, நான் யார் கையால சாவறது?"

பர்மனென்ட் ஆனவருக்கு ஷிப்ட் உண்டு. ஷிப்டைப் போடுவது மேஸ்திரி அல்ல, மேலே உள்ள ஆபீஸ். அடுத்த வருடம் நாடகத்தன்று இளவரசர் கப்பலின் அடித்தளத்தில் கோதுமை மூட்டைகளுக்கு நடுவே இருந்தார். வேறு ஆள் கட்டக் கூடாதென்பதால் போர் நடக்கவில்லை. யேசுதாஸ் கேட்பாரில்லாமல் கடைசிவரை அரியணையில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வருடமும் அப்படியே.

அந்தத் திருவிழா முடிந்து வேலைக்கு வந்த யேசுதாஸ், கப்பலின் மேல்தட்டிலிருந்து குனிந்து கூப்பிட்டார்: "தளபதி, வர்ற வருசமாவது லீவு கேளுடா. சாவாம குந்திகினு கீறது பேஜாரா கீது."

1970இல் அருள்நாதன் ஆபீசுக்கு மனு எழுதினார். காரணம் என்ற இடத்தில், பகை அரசனைக் கொல்ல வேண்டியிருப்பதால் என்று எழுதினார். கீழே பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தவர் பகை அரசன்.