இன்னும் ஒரு மீன்

காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையின் விளையாட்டை எந்த வயதுவரை நிறுத்தலாம்?

நேற்று கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டில், நாலு வயது மகள் குளிக்கும் தொட்டியின் அடைப்பைக் கணவர் திறந்துவிட்டார். தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு வடிந்தது. அடியில் கிடந்த ரப்பர் மீன்களை அவள் சிரித்தபடி பொறுக்கினாள்.

2004 டிசம்பரில், முல்லைத்தீவில், நத்தாருக்கு மறுநாள் காலை, கடல் கொஞ்சம் பொங்கிவிட்டு அதே சத்தத்தோடு பின்வாங்கியது. சுமாத்திராவில் நிலம் நடுங்கியது எங்களுக்குத் தெரியாது. ஈரமணலில் மீன்கள் துடித்தன. நானும் பெரியம்மாவின் மகள் சுபாவும் பாவாடையில் அள்ளினோம். தலையிழுக்காமல் பிள்ளைகளை வெளியே விடாத அம்மா, சீப்போடு வந்தார்.

“பேய்த்தலையோட எங்கயடி நிக்கிறாய்? நட வீட்ட!”

என் காதைப் பிடித்து இழுத்துப் போனார்.

“இன்னும் ஒரு மீன் சித்தி, வாறன்,” என்றாள் சுபா.

கடல் பனை உயரத்துக்குத் திரும்பி வந்தபோது நாங்கள் பக்கத்து மாடிவீட்டுப் படியில் ஏறித் தப்பினோம். சுபா வரவேயில்லை.

“வன் மோர் ஃபிஷ், அம்மா!” என்றாள் நேற்று தொட்டிக்குள் இருந்த மகள்.

மகளை ஈரத்தோடு அள்ளித் தூக்கினேன். “வொய், அம்மா?” என்று அழுதாள்.

“இஞ்சேர், உது பாத்டப் தானே,” என்றார் கணவர்.

இன்று அவள் குளிக்கவே மாட்டேன் என்கிறாள். என் பயம் அவளுக்கும் தொற்றிவிட்டதோ? சுபாவைப் பற்றிச் சொன்னால் இன்னும் பயப்படுவாளோ? உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காலையை எந்த வயதில், எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.