மழையைத் துரத்திய ரேடார்: திருநகரிலிருந்து சோழவந்தானுக்கு

ஐப்பசியில் கைக்குழந்தையோடு வெளியூர் போகாதே என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் மறுநாள் சோழவந்தானில் என் அண்ணன் மடியில் வைத்துப் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். வழியில், சமயநல்லூருக்கு அப்பால் பொட்டலில், கணவரின் காற்றளவு முகாம். அவரையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இது நடந்து மூன்று வாரமாகிறது. இப்போதுதான் எழுதக் கை வந்தது.

திருநகரில் பகல் ஒரு மணிக்குப் பஸ் ஏறினேன். டவுனில் மாறி, சமயநல்லூரில் இறங்கும்போது இரண்டே முக்கால். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஒரு ரூபாய் பத்துப் பைசா. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் முகாம் ஜீப்பில். மேலே வெறும் கித்தான்தான்.

"பாப்பாவ நல்லா மூடிக்கங்கக்கா. இம்புட்டு மேகத்த நான் பாத்ததில்ல" என்றார் டிரைவர் பாண்டி.

முகாமில் மூன்றரைக்குப் பலூன் விட்டார்கள். அதன் அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய கூடு தொங்கும். ரேடார் அதைத் துரத்தும். பலூன் போகிற வேகம்தான் காற்றின் வேகம். குறிப்பெழுதும் ஆள் லீவு. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவளாயிற்றே என்று கணவர் நோட்டை என்னிடம் தந்துவிட்டார். பாப்பா இடுப்பில். நிமிடத்துக்கொருமுறை அவர் தூரமும் கோணமும் சொல்ல, நான் உயரத்தைக் கணக்கிட்டேன். ஏழாவது நிமிடம் மழை பிடித்தது.

பதினைந்தாவது நிமிடத்தில் அவர் எழுந்தார். "இப்ப மணிக்கு ஒம்பது கிலோமீட்டர்தான் காத்து. பாண்டி, வண்டிய எடு!"

"பனைமரம் வளஞ்சு ஆடுதுண்ணே! இதுக்குப் பேரு ஒம்பதா?"

"மெசினு பொய் சொல்லுமா மாப்ள? அடங்கிரும், ஏறு."

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2100 மீட்டர். பிறகு 2050. பிறகு 1960.

"ஏங்க, பலூன் எறங்குமா?"

"வெடிச்சா எறங்கும்."

"வெடிச்சா கல்லு மாதிரில்ல விழும்? இது மெல்ல மெல்ல எறங்குதே."

நோட்டை வாங்கிப் பார்த்தவர் முகம் வெளுத்தது. மழைத்துளிகளும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். அந்த இரைச்சலில் சின்னக் கூடு மறைந்துபோக, எட்டு நிமிடமாக அவர் ஒரு மழைத்திட்டைத் துரத்தியிருக்கிறார். அந்த எட்டு வரிகளையும் அடித்தார். மிஞ்சிய ஏழில் காற்று நாற்பதில் தொடங்கி எழுபதைத் தொட்டிருந்தது.

"சாவிய எடுத்துரு பாண்டி."

ரேடார் லாரிக்குள் ஒடுங்கி உட்கார்ந்தோம். ஐந்து மணிக்கு முகாம் கொட்டகையின் தகரம் பறந்தது. பாப்பா வீறிட்டாள். அவளைவிட நான்.

விடிந்ததும் ஆறு மணிக்குக் கிளம்பினோம். பதிமூன்று கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். ஓரிடத்தில் பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. எப்போது விழுந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. பாண்டி வாயைத் திறந்தார். கணவர் அவரைக் கையமர்த்திவிட்டு, என் மடியிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்குள் பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு நான்கு உலர்ந்த துணி, பிளாஸ்கில் வெந்நீர் வேண்டும். காற்று இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால், மழைக்கு முன் அளந்ததா, மழைக்குள் அளந்ததா என்று கேளுங்கள்.

முகூர்த்தம் தவறி, பத்து மணிக்குத்தான் காது குத்தினார்கள். பாப்பா வீடே அதிர அழுதாள். இப்படி அழ அவள் இருக்கிறாளே என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை அண்ணி இன்னும் மன்னிக்கவில்லை.