டீ அறைப் பிரிண்டருக்கு ஜோஸி அனுப்பிய வரிகள்

போன வாரம் டீ அறையிலிருந்து அந்தப் பழைய பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கிளைவ் இருந்திருந்தால் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பான்.

கிளைவ் நெட்டில்ஃபோல்டும் நானும் ஹோபார்ட் நகரத்தில், ஆற்று நீர்மட்டம் கணிக்கிற அலுவலகத்தில், பத்தொன்பது வருடம் அடுத்தடுத்த மேசை. அங்கிருந்த கணினிகளைக் கட்டி மேய்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. பழுப்புக் கம்பளிச் சட்டை, மத்தியானம் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஒரு ஸ்காலப் பை, எதற்கும் ஏறாத குரல், அதுதான் கிளைவ். அவன் கெட்டிக்காரத்தனம் மேலே இருந்த யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடினால் எங்களை எவன் நினைக்கிறான்?

வெளியிலிருந்து அலுவலகக் கணினிகளுக்குள் நுழைய வி.பி.என். என்கிற பாதுகாப்பான இணைப்பு வேண்டும். அதை விற்ற கம்பெனிக்காரன் விண்டோஸுக்கு நன்றாகச் செய்து கொடுத்துவிட்டு, லினக்ஸுக்கு ஏனோதானோவென்று ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தான். மடிக்கணினியை மூடித் திறந்தால் போதும், திரையில் பச்சை விளக்கு ஜோராக எரியும், ஆனால் உள்ளே ஒரு துரும்பும் நகராது. எங்கள் வெள்ளக் கணக்கு மென்பொருளோ லினக்ஸில் மட்டும்தான் ஓடும். அதனால் கிளைவ் பச்சை விளக்கை நம்புவதே இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தினமும் காலையில் டீ அறைப் பிரிண்டருக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும். தாள் வெளியே வந்தால்தான் இணைப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வான்.

அப்படி அனுப்பியவர்களில் ஜோஸியும் ஒருத்தி. அவள் புருஷன் மர்ரிக்கு நரம்பு வியாதி, படுத்த படுக்கை. கடல் தாண்டி, ஃபிலிண்டர்ஸ் தீவில் அவர் பிறந்த வீட்டிலேயே வைத்து அவரைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்தே எங்களுக்கு வெள்ளக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். 'இன்று காற்று பேயாக அடிக்கிறது. மர்ரி கஞ்சி குடித்தார்.' இப்படித்தான் அவள் தாள் வரும். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் படிப்போம்.

ஒரு குளிர்காலத்தில் அவள் இணைப்பு நாலு தடவை அறுந்தது. மேலாளர் கேவினுக்குப் பொறுமை போய்விட்டது. லினக்ஸை நம்ப முடியாது, ஜோஸி ஹோபார்ட்டுக்கு வரட்டும், இல்லை வேலையை விடட்டும் என்றான். வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை, ஹோபார்ட்டுக்கு வந்தால் மர்ரியை ஏதாவது பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும். கிளைவ் ஒரு மாதம் தவணை கேட்டான். தினமும் ஒன்பது மணிக்கும் இரண்டு மணிக்கும் அவள் தாள் வர வேண்டும், ஒரு வேளை தவறினாலும் பேச்சில்லை என்று முடிவானது.

கம்பெனி கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, லினக்ஸோடு வருகிற வி.பி.என்.னையே கிளைவ் அவள் கணினியில் அமைத்தான். ஒரு வேளை கூடத் தவறவில்லை. கடைசி நாளும் வந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி கெட்டது. மத்தியானம் ஒன்று ஐம்பத்தொன்றுக்கு, கை சும்மா இருக்காமல், இங்கிருந்தே அவள் கணினிக்கு ஒரு புதுப்பிப்பைத் தட்டிவிட்டேன். அது முதல் வேலையாக வி.பி.என்.னையே நிறுத்தியது. நான் உள்ளே போயிருந்த வழியே அதுதான். உட்கார்ந்த கிளையை நானே வெட்டிவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தூரத்துக் கணினியின் இணைப்பில் கை வைக்கும் முன், 'பத்து நிமிடத்தில் நான் திரும்பி வராவிட்டால் பழைய நிலைக்குப் போய்விடு' என்று அதற்கே சொல்லிவைப்போம். கிளைவ் என் திரையைப் பார்த்தான்.

"பத்து நிமிஷம் போட்டியா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

ஜோஸி போன் செய்தாள். இரண்டு மணித் தாளை அனுப்பிவிட்டாளாம், ஆனால் போன மாதிரித் தெரியவில்லையாம். எதையும் தொடாதே, போய் டீ போட்டுக் குடி என்று கிளைவ் சொன்னான். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு டீ அறைக்குப் போனான். கேவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பிரிண்டர் பக்கத்தில் நின்றிருந்தான். இரண்டு அடித்தது. ஒன்றும் வரவில்லை. என்னால்தான் என்று வாயைத் திறக்கப் போனேன்; கிளைவ் என் காலை மிதித்தான்.

பிரிண்டர் முனகியது. தாள் வந்தது.

"ஒரு நிமிஷம் லேட்டு," என்றான் கேவின்.

"உன் வாட்ச்தான் ஃபாஸ்டு," என்றான் கிளைவ். கேவின் அவனை ஒரு பார்வை பார்த்தான், தாளைப் பார்த்தான், தன் அறைக்குப் போய்விட்டான்.

அப்புறம்தான் கிளைவ் சொன்னான். அந்தக் கணினியின் இணைப்பை யார் தொட்டாலும் பத்து நிமிடக் காவல் தானாகவே ஓட ஆரம்பிக்கிற மாதிரி மாதத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டானாம். இணைப்பு பழைய நிலைக்குத் திரும்பியதும், வழியில் காத்திருந்த தாள் தானாக வந்துவிட்டதாம். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ இன்னும் தைரியமா மறந்திருப்பப்பா."

அதற்குப் பின் இரண்டு குளிர்காலம் ஜோஸியின் தாள்கள் வந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வந்ததை கிளைவ்தான் எடுத்தான். படித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

'மர்ரி விடியற்காலை போய்விட்டார். அவருடைய கட்டிலில்தான். நான் பக்கத்தில் இருந்தேன். இணைப்பு நன்றாக இருக்கிறது, கிளைவ்.'