கண்ணாடியில் பதிந்த விரல்

மகனின் அறையிலிருந்து பிளாஸ்டிக் பசையின் நெடி வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. போத்தனூர் வீட்டில் அப்பாவின் கைகளில் எந்நேரமும் இருந்த நெடி அது.

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா வீட்டிலேயே இருந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டாத அப்பாவைப் பார்க்கவே என்னவோபோல் இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகக் கிளம்பிய பக்கத்து வீட்டு ரயில் டிரைவர், பிரிக்காத பொம்மை விமான டப்பா ஒன்றை அவரிடம் கொடுத்தார்.

"எங்க சின்ன வயசுல டப்பாவுக்குள்ள மரக்கட்டையும் படமுந்தாங்க இருக்கும். நாமளே செதுக்கோணும். இது பிளாஸ்டிக்குங்க, ஒட்டுனாப் போதும்" என்றார் டிரைவர்.

சாப்பிடக் கூப்பிட்டாலும் எழாமல் அப்பா ஒட்டினார். கடைசியாக விமானியின் இருக்கைக்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தும்போது விரலிலிருந்த பசை பட்டு அது இளகி, கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

"இதையுங் கெடுத்துப்போட்டேன் பாரு கண்ணு" என்று அழுதார்.

சில நாளில், "போயிட்டு வாரேன் கண்ணு" என்று வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறினார். வரவே இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ரேகைதான். யாரும் இல்லாதபோது அதன்மேல் என் விரலை வைத்துக்கொள்வேன்.

அறைக்குள் போனேன். பீரோவில் வைத்திருந்த அந்த விமானம் மகனின் கையில் இருந்தது.

"றெக்கை கழண்டு கெடந்துச்சும்மா, ஒட்டிட்டேன். கண்ணாடியும் மங்கலா இருந்துச்சு. தேச்சுத் தேச்சுப் பளபளன்னு ஆக்கிட்டேன், பாருங்க."

பார்த்தேன். உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. விமானியின் இருக்கையில் யாருமே இல்லை.